கிழிந்த பாயும் தவக்குலும்

 



அஷ்ஷூரா அத்தியாயத்தில் (42:32, 33) அல்லாஹுதஆலா, கடலில் மலைகளைப் போலச் செல்லும் கப்பல்களைத் தன்னுடைய அத்தாட்சிகளில் ஒன்றாக எடுத்துரைக்கிறான். தான் நாடினால் காற்றை அடக்கிவிடுவதாகவும், அப்போது அவை கடலின் முதுகின் மேல் அசையாது நின்றுவிடும் என்றும் அறிவிக்கிறான். சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்தில் நாம் இந்த ஆயத்துகளை ஓதி விளக்கம் சொன்ன இடம் கடற்கரை அன்று. சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள நாகலூர். மலைகளைப் போன்ற கப்பல்கள் என்ற உவமையை மலை மேலேயே உட்கார்ந்து ஓதினோம்.

அங்கே நம்மவர்கள் மிகச் சிலர். மிளகும் காப்பியும் வாங்கி விற்பவர்கள், தோட்டங்களில் மேஸ்திரி வேலை பார்ப்பவர்கள், ஜீப் ஓட்டுபவர்கள். ஒரு வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலுமாகப் பாய் விரித்து மஜ்லிஸ் நடந்தது. இஷாவுக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கி, எதிர்ச்சரிவில் இருந்த சவுக்கு மரமும் தெரியவில்லை. கப்பல், பாய், காற்று என்று நாம் பேசிக்கொண்டு போனபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் பார்த்த தண்ணீரெல்லாம் ஏற்காடு ஏரிதான். அவர்கள் அறிந்த படகெல்லாம் காசு கொடுத்து மிதிக்கும் படகுதான். ‘மலைக்காரர்களுக்குக் கடல் பயான் எதற்கு?’ என்று நமக்கே ஒரு கூச்சம் வந்தது. பேச்சைச் சுருக்கிக்கொண்டு துஆ ஓதி முடித்தோம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான பயான் தொடங்கியது. அதைச் செய்தவர் நாம் அல்ல. மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழக்கரைப் பக்கத்தவர். வயது எண்பதை நெருங்கும்.

“ஹஜ்ரத், காத்தை அல்லாஹ் அடக்குவான்னு சொன்னீங்க. அது சரி. காத்து இருந்தும் பாய் இல்லாமப் போனா?” என்றார்.

“சொல்லுங்க வாப்பா” என்றோம்.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடித் தோணி ஒன்றில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தார். மீசை அரும்பாத வயது. அக்காலத்தில் தோணிகளுக்கு இயந்திரம் கிடையாது, காற்றும் பாயும்தான். தூத்துக்குடியிலிருந்து அரிசியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, 700 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து மாலத்தீவுக்குப் போனார்கள். மாலேயில் சரக்கை இறக்கி, மாசியும் கயிறும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார்கள். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி இப்படித்தான் தீவு விட்டுத் தீவு வந்து சேர்ந்தது என்பதைத் தாய்மார்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோணியின் உரிமையாளர் நம்மவர். பள்ளிவாசலுக்கு வாரி வழங்கியவர். தோணியை ஓட்டிய தண்டையல் தூத்துக்குடிப் பரதவர், கிறிஸ்தவர். பெரியவர் சொன்னபடி, அந்தத் தண்டையல் புறப்படுவதற்கு முன்னால் மூன்று முறை உரிமையாளரிடம் போய்ப் பெரிய பாயை மாற்றித் தரும்படி கேட்டார். மூன்று முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “இந்த ஒரு நடை ஓடட்டும். அல்லாஹ் பாத்துக்குவான்.”

பாய் எப்படிக் கெடுகிறது என்பதையும் பெரியவர் விளக்கினார். பாய் கிழிவதற்கு வெகு நாள் முன்பே கெட்டுவிடுகிறதாம். வெயிலில் பருத்தித் துணி இற்றுப்போகிறது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துக் கறுக்கிறது. கயிறு உராயும் இடமும் தையல் வரிசையும் முதலில் விடுகின்றன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, ஒட்டுப் போடலாம். தெரியாத கேடு ஒன்று உண்டு. பழைய பாய் தொய்ந்து பை போல ஆகிவிடுகிறது. பின்னாலிருந்து காற்று வரும்வரை தோணி ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்க்காற்று வந்தால்தான் தெரியும். தொய்ந்த பாயை வைத்துக்கொண்டு காற்றை அண்டி ஏற முடியாது. தோணி பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும்.

அதுதான் நடந்தது. புரட்டாசிக் கடைசியில், மேற்கேயிருந்து அடிக்கும் கச்சானை நம்பிக் கிழக்கே புறப்பட்டார்கள். ஐந்து நாளில் கொழும்பு என்பது கணக்கு. நான்காம் நாள் கச்சான் ஓய்ந்தது. இரண்டு நாள் கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. பிறகு வாடை முந்திக்கொண்டது. வடகிழக்கிலிருந்து, நேர் முகத்துக்கு. பாயைத் திருப்பித் திருப்பி வைத்து ஏறப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் தெற்கேதான் தள்ளியது. எட்டாம் நாள் பெரிய பாய் தையலோடு பிளந்தது. கோணூசியும் சணலும் கொண்டு தைத்தார்கள். அரிசிச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டார்கள். தண்டையல் தம்முடைய போர்வையைக் கொடுத்தார். மற்றவர்கள் கைலியைக் கொடுத்தார்கள். பீப்பாயில் தண்ணீர் அடியில் கிடந்தது; ஆளுக்குக் காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை. மழை பெய்தபோது அந்தப் பாயையே விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். “உப்புக் கரிச்சது ஹஜ்ரத், ஆனா அதுதான் எங்களுக்கு ஜம்ஜம்” என்றார். அந்த வார்த்தையைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழிந்தது. கிழிந்த துணி கயிற்றில் சுற்றிக்கொண்டு பருமல் இறங்க மறுத்தது. சிக்கெடுக்க மேலே ஏறியவன் ஒரு பையன். பெரியவரைவிட ஒரு வயது இளையவன். தோணி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தபோது மேலே அவன் இல்லை. இருட்டில் ஒரு முறை குரல் கேட்டதாம். பாய் இல்லாத தோணியைத் திருப்பி அவனிடம் போக வழியில்லை. அவன் பெயரையும் பெரியவர் சொன்னார். நாம் இங்கே எழுதவில்லை.

பதின்மூன்றாம் நாள் இலங்கையின் தென்கரையைக் கண்டு, கரையோரமாகவே ஊர்ந்து கொழும்பு சேர்ந்தார்கள். ஊர் திரும்பியதும் உரிமையாளர் பையனின் வீட்டுக்கு வந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பணம் கொடுத்தார். கத்ரு அப்படி எழுதியிருந்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று அவன் தாயிடம் சொன்னார். அடுத்த வாரம் தோணிக்குப் புதுப் பாய் வந்தது.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் கேட்டார்: “கடல்ல மூழ்கினவன் ஷஹீதுதானே ஹஜ்ரத்?”

“ஆமாம் வாப்பா. தண்ணீரில் மூழ்கி இறந்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது” என்றோம்.

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப முதலாளி?”

அன்பர்களே! கிதாபு ஓதியவர்களிடம் மக்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். கடலில் ஒளு எப்படி, தொழுகை எப்படி, கிப்லா எப்படி என்று கேட்டால் நாம் மளமளவென்று சொல்லிவிடுவோம். கடல் நீரால் ஒளுச் செய்யலாமா என்று கேட்ட தோழர்களுக்கு, அதன் தண்ணீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். குடிக்கும் தண்ணீரைக் கொஞ்சமே கொண்டு போகிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் வாடுவோம் என்று அவர்கள் சொல்லித்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நிற்க முடிந்தவர் நின்று தொழ வேண்டும். தலைச் சுற்றலோ விழும் அச்சமோ இருந்தால் உட்கார்ந்து தொழலாம். ஓடும் கப்பலில் காரணமின்றியும் உட்காரலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய இரு மாணவர்கள் அதை ஏற்கவில்லை. கப்பல் திரும்பத் திரும்ப நாமும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். இன்று காற்று வரும், நாளை வரும் என்று ஒரு துறையில் காத்துக் கிடக்கும் பயணி, ஷாஃபிஈ மத்ஹபில் 18 நாட்கள் வரை கஸ்ருத் தொழலாம்.

இதெல்லாம் நம் நாவில் இருக்கிறது. ‘அப்ப முதலாளி?’ என்ற கேள்விக்குத்தான் நாம் தடுமாறினோம். ஏன் தெரியுமா? அவர் சொன்ன வார்த்தையை நாமே மிம்பர்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பது பொய்யான சொல் அன்று. மெய்யான சொல். மெய்யான சொல்லைத் தன் பணத்தை மிச்சம் பிடிக்கப் பயன்படுத்தியதுதான் அங்கே நடந்த குற்றம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்க, கட்டிவிட்டே வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அனஸ் (ரலி) அவர்களின் வாயிலாகத் திர்மிதீ பதிவு செய்கிறது. இந்த ஹதீஸை அறியாதவர் யாருமில்லை. அதிகம் ஓதப்படாத இன்னொன்று இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்கி விழுந்து இறந்தவரை விட்டும், கடல் கொந்தளிக்கும்போது அதில் பயணம் செய்து மாண்டவரை விட்டும் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்துப்பட அமைந்த நபிமொழி அது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் உள்ளது. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களும் தமது அல்அதபுல் முஃப்ரதில் சேர்த்திருக்கிறார்கள். தன்னுயிரையே கவனமின்றி வைத்தவருக்கு இந்த எச்சரிக்கை என்றால், பிறர் உயிரை அப்படி வைத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாடியில் சுவர் எழுப்பாமல் வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

கடல் வேண்டாம் என்று மார்க்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம் முன்னோர்க்கு மரக்காயர் என்ற பெயரே வந்திருக்காது. முஆவியா (ரலி) அவர்கள் கடல் வழியே படையெடுக்க அனுமதி கேட்டபோது உமர் (ரலி) அவர்கள் மக்களின் உயிருக்கு அஞ்சி மறுத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பி வருபவர் மட்டுமே ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஹிஜ்ரி 28இல் சைப்ரஸ் தீவுக்குச் சென்ற படை அது. இப்போது அந்தத் தோணிப் பையனை நினையுங்கள். அவன் விரும்பியா ஏறினான்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக ஏறினான். ஏற மாட்டேன் என்று சொல்ல முடியாதவனைக் கிழிந்த பாயின் கீழ் அனுப்புவதும் ஒரு வகைக் கட்டாயம்தான் என்பது நம் எளிய கருத்து.

மார்க்கச் சட்டமும் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில், படகோட்டி இழுத்த இழுப்பால் படகு மூழ்கினால் சரக்குக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று வருகிறது. தடுக்க முடியாத பேரிடர் வேறு, மனிதன் கையால் வந்த கேடு வேறு என்று ஃபுகஹாக்கள் கோடு கிழித்திருக்கிறார்கள். உயிரிழப்பின் சட்டம் தனிப் பாடம்; அதற்குள் இங்கே போகவில்லை. வாடை வீசியது யாருடைய செயலும் அன்று. பாய் நைந்திருந்தது ஒருவருடைய முடிவு.

நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. உலகம் சுற்றிய மேதை இப்னு பதூதா (ரஹ்) மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு, 1344ஆம் ஆண்டு அங்கிருந்து நம் மஅபர் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாள் வழி. கப்பலில் வழி தெரிந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மஅபர் அன்று, இலங்கை. ஆதம் மலை வானத்தில் புகைத் தூண் போலத் தெரிந்ததாக எழுதுகிறார். புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரம் பெற்று, ஆதம் மலைக்கும் போய் வந்தார். அந்தக் கப்பல் தலைவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா? ஓராண்டானாலும் நீர் திரும்பி வரும்வரை காத்திருப்பேன் என்ற கருத்தில் வாக்குக் கொடுத்து, அப்படியே காத்திருந்தார்! அந்த நல்லவரோடுதான் மறுபடி புறப்பட்டார்கள். காற்று முற்றியது, கப்பல் பாறைகளை நெருங்கி, பிறகு ஆழமற்ற இடத்தில் தரை தட்டியது. பாய்மரத்தையே வெட்டிக் கடலில் தள்ளினார்கள். மாலுமிகள் மரத்தைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். இப்னு பதூதா தம்மோடு வந்தவர்களை அதில் அனுப்பிவிட்டுத் தாம் பின்தங்கினார். நீர் புகுந்துகொண்டிருந்த கப்பலின் பின்பகுதியில் ஏறி, விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் படகில் வந்து கரை சேர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அந்தக் கரையின் சாதாரண மக்கள். விசுவாசம் நிறைந்த கப்பல் தலைவருக்கு வழி தெரியவில்லை என்பதால் இத்தனை பேர் மரணத்தின் விளிம்புக்குப் போனார்கள்.

யூனுஸ் அத்தியாயத்தில் (10:22, 23) அல்லாஹ் ஒரு காட்சியைக் காட்டுகிறான். நல்ல காற்றில் கப்பல் செல்ல மக்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். புயல் வந்து எல்லாப் பக்கமும் அலை சூழ்ந்ததும் தூய மனத்தோடு அவனை அழைக்கிறார்கள், காப்பாற்றினால் நன்றி செலுத்துவோம் என்று. காப்பாற்றிக் கரை சேர்த்ததும் பூமியில் அநியாயம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். இதைக் கப்பலில் இருந்தவர்களைப் பற்றி மட்டும் சொன்னதாக நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். பெரியவரின் கதையைக் கேட்ட பிறகு, கரையில் இருந்துகொண்டே அநியாயம் செய்பவரும் நினைவுக்கு வருகிறார்.

பெரியவருக்கு நாம் என்ன பதில் சொன்னோம்? “அல்லாஹ்விடம் அவருடைய கணக்கு இருக்கிறது வாப்பா. தவ்பாச் செய்திருந்தால் அவன் மன்னிப்பவன். ஆனால் அந்தத் தாயிடம் ‘கத்ரு’ என்று சொல்லாமல் ‘என் தவறு’ என்று சொல்லியிருக்க வேண்டும்” என்றோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தண்டையல் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளையில பையன் வீட்டுக்கு வந்துட்டுப் போவாரு, மவுத்தாகுற வரைக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

இதோடு எழுத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அமானிதத்துக்கு மாறு செய்தவராவோம்.

மறுநாள் சுப்ஹுக்குப் பிறகு நம்மைச் சேலத்துக்கு அனுப்ப ஜீப் வந்து நின்றது. மஜ்லிஸுக்கு ஏற்பாடு செய்து, விருந்தளித்து, ஹதியாவும் கொடுத்த அன்பருடைய ஜீப்தான். முதல் நாள் மலையேறி வந்ததும் அதில்தான். பின்பக்கம் வேலையாட்கள் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். காய்கறி மூட்டைகள் வேறு. முன்சக்கரத்தைப் பார்த்தோம். வழுக்கையாக, ஓரத்தில் நூல் வெளியே தெரிந்தது. அன்று முதன்முறையாகப் பார்த்தோம் என்றால் அது பொய்யாகும். முந்தைய நாள் ஏறும்போதே கண்ணில் பட்டது. பயண துஆவை ஓதிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தவர் நாம்தான்.

சேலத்துக்கு இறங்கும் அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் தம்பியிடம் மெதுவாகக் கேட்டோம். “முதலாளிகிட்ட சொல்லிட்டேன் ஹஜ்ரத். இந்த ஒரு நடை போயிட்டு வா, அடுத்த மாசம் பாக்கலாம்னாரு” என்றான்.

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அறுபது ஆண்டு இடைவெளி. கடலுக்குப் பதில் மலை.

அன்பர் வாசலில்தான் நின்றிருந்தார். அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னோம். நம் வாய் குழறியது. அவருடைய உணவு நம் வயிற்றில் இருந்தது, அவருடைய ஹதியா நம் பையில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் சொன்ன இரண்டடுக்குக் கப்பல் உவமையை நினைவூட்டினோம். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தங்கள் பங்கில்தானே துளை போடுகிறோம் என்று போட, மேல்தட்டில் உள்ளவர்கள் தடுக்காமல் விட்டால் அனைவரும் அழிவார்கள் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. இங்கே துளை மேல்தட்டில் இருக்கிறது, கீழே இருப்பவர்களால் பேச முடியவில்லை என்றோம். அவர் முகம் சிவந்தது. ராத்திரி பயான் தமக்காகத்தான் சொல்லப்பட்டதா என்று கேட்டார். இல்லை, அது எமக்காக என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று ஜீப் புறப்படவில்லை. வேலையாட்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அவர்களில் ஓர் அம்மாள் நம்மைத்தான் கோபமாகப் பார்த்தார். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று நாம் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். ஹதியா உறையை டிரைவர் தம்பியிடம் கொடுத்து அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னோம். பன்னிரண்டு பேருக்கு அது போதவில்லை. பிறகு நாம் நடந்தும், வழியில் ஒரு வண்டியில் தொற்றியும் ஏற்காடு வந்து பஸ் ஏறினோம்.

இந்த ஆண்டு ரபீஉல் அவ்வலில் நாகலூரிலிருந்து நமக்கு அழைப்பு வரவில்லை. டிரைவர் தம்பி மட்டும் பெருநாளைக்கு சலாம் சொல்லிப் பேசினான். முன்சக்கரம் இரண்டும் புதிதாக மாட்டியாயிற்று என்றான். பின்சக்கரங்களைப் பற்றிக் கேட்டோம். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.